திக்கிப் பேசும் குழந்தைகளுக்கு தெரபி தருகிறீர்களா? காசு செலவழிக்கும் முன் இதைப் படியுங்கள்

கார்டு, போர்டு கேம், ஆப் என்று எதையும் வாங்க அவசரப்படாதீர்கள். இந்த வேலைக்குத் தேவையானதில் பாதிக்கு மேல் இணையத்தில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது; எதை எந்தக் குழந்தைக்கு எடுப்பது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

முதலில் அமெரிக்காவின் ஸ்டட்டரிங் ஃபவுண்டேஷன் தளத்துக்குப் போங்கள். 1947-இல் தொடங்கிய அமைப்பு. அங்கே ஆபத்துக் காரணிகளின் அட்டவணை ஒன்று உண்டு: குடும்பத்தில் யாருக்காவது திக்கல் இருந்ததா, மூன்றரை வயதுக்குப் பிறகு ஆரம்பித்ததா, தொடங்கி எத்தனை மாதம் ஆகிறது, ஆண் குழந்தையா, இப்படி. "தானா சரியாயிடும்னு பெரியவங்க சொல்றாங்களே" என்று கேட்கும் அம்மாவுக்குப் பதில் சொல்ல இதுதான் கை கொடுக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானாகவே சரியாகிவிடுவது உண்மைதான், ஆனால் எந்தக் குழந்தைக்குக் காத்திருக்கலாம், எந்தக் குழந்தைக்குக் கூடாது என்று யோசிக்க ஒரு பிடி வேண்டுமே.

ஆறு வயதுக்குள் என்றால் லிட்கம் புரோகிராம் என்ற சிகிச்சை முறை. சிட்னியில் உருவானது, அதன் சிகிச்சை வழிகாட்டியை ஆஸ்திரேலிய ஸ்டட்டரிங் ரிசர்ச் சென்டர் இலவசமாகவே தருகிறது. இதில் வீட்டில் தினமும் சிகிச்சை தருவது பெற்றோர். நாம் அவர்களுக்குச் சொல்லித் தருகிறோம், அவ்வளவுதான். குழந்தையின் பேச்சுக்கு அவர்கள் தினமும் 0 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள், 0 என்றால் திக்கலே இல்லை. தடங்கல் இல்லாமல் பேசும்போது பாராட்டுவதுதான் அதிகம் இருக்க வேண்டும், திருத்துவது எப்போதாவது. கூட்டுக் குடும்பமாக இருந்தால் பாட்டியையும் ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வையுங்கள், இல்லையென்றால் அம்மா பாராட்ட, பாட்டி பக்கத்திலிருந்து "மெதுவா சொல்லுடா" என்று அதட்டிக்கொண்டிருப்பார். வழிகாட்டியைப் படித்தால் போதும் என்று நினைக்காதீர்கள், இதற்கென்று தனிப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன.

திருத்துவதே பிடிக்காத பெற்றோரும் உண்டு. அவர்களுக்கு லண்டன் மைக்கேல் பேலின் மையத்தின் முறை பொருந்தலாம்: பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அவர்களோடு சேர்ந்து பார்த்து, ஏற்கெனவே நன்றாகச் செய்வதை அவர்களையே கண்டுபிடிக்க விடுவது. எது உசத்தி என்று சண்டை போட வேண்டாம். நெதர்லாந்தில் 199 குழந்தைகளை வைத்து லிட்கம்மையும், ரீஸ்டார்ட் என்ற மறைமுக முறையையும் (பேச்சை நேரடியாகத் திருத்தாமல், குழந்தையைச் சுற்றியுள்ள சூழலை மாற்றுவது) ஒப்பிட்டார்கள். 2015-இல் வெளிவந்த முடிவின்படி பதினெட்டு மாதம் கழித்துப் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தக் குடும்பத்தால் எதை விடாமல் செய்ய முடியுமோ அதை எடுங்கள்.

அளவிடும்போது கவனம். திக்கலின் தீவிரத்தை அளக்கும் எஸ்.எஸ்.ஐ-4 சோதனை, சிலபிள் (அசை) கணக்கில் திக்கலை எண்ணுகிறது. நேரமில்லை என்று நீங்கள் சொல் கணக்கில் எண்ணினால் தமிழில் எல்லாம் குளறுபடியாகிவிடும். "போய்க்கொண்டிருக்கிறேன்" என்பது ஒரே சொல், ஆறு சிலபிள். சொற்கள் இப்படி நீண்டு குறைவாக இருப்பதால் சதவீதம் எகிறி, குழந்தையின் நிலை உள்ளதைவிட மோசமாகத் தெரியும். வாசிக்கக் கொடுக்க தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பிடிஎஃப் புத்தகங்களே போதும், குழந்தையின் வகுப்புக்கு ஒரு வகுப்பு கீழே எடுங்கள், அப்போதுதான் வாசிப்புத் தடுமாற்றம் திக்கலோடு கலக்காது. கிளினிக்கில் மட்டும் பதிவு செய்யாதீர்கள், வீட்டிலிருந்தும் போனில் வீடியோ கேட்டு வாங்குங்கள். திக்கலைக் கேட்டுக் காதைப் பழக்க ஃப்ளூயன்சிபேங்க் தளத்தில் திக்குபவர்கள் பேசும் பதிவுகள் இருக்கின்றன.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளை என்றால் எண்ணிக்கையைவிட மனசு முக்கியம். திக்கல் பிள்ளையின் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அவர்களிடமே கேட்கும் ஓயேசஸ் கேள்வித்தாள் ஏழு வயதிலிருந்து உண்டு, காசு கொடுத்து வாங்க வேண்டும், வாங்கலாம், தகும். வாங்க முடியாவிட்டால் ஒரு பனிப்பாறை வரையச் சொல்லுங்கள்: தண்ணீருக்கு மேலே மற்றவர்கள் பார்ப்பது, கீழே தனக்கு மட்டும் தெரிவது. "வருகைப் பதிவில் உள்ளேன் சொல்லப் பயம்" மாதிரி விஷயங்கள் அங்கேதான் வெளியே வரும். வந்ததும் அந்த ஆசிரியருக்கு ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுங்கள்: முடிக்கும்வரை காத்திருங்கள், சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள், வகுப்பில் எப்படிப் பேச விரும்புகிறாய் என்று அவனைத் தனியாகக் கேளுங்கள். ஸ்டட்டரிங் ஃபவுண்டேஷனில் ஆசிரியருக்கான குறிப்புகள் இருக்கின்றன, அதைத் தழுவித் தமிழில் எழுதிவிடலாம்.

வசம்பு, வாயில் கூழாங்கல், மூச்சுப் பயிற்சி என்று கைவைத்தியம் பற்றி வீட்டில் கேட்பார்கள். கூழாங்கல்லுக்குக் கறாராக வேண்டாம் என்று சொல்லுங்கள், தொண்டையில் சிக்கும். பெரிய பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷனின் சுய உதவிக் குழுக்களைக் காட்டுங்கள். திக்கிக்கொண்டே வேலைக்குப் போகும், கல்யாணம் செய்துகொண்ட பெரியவர்களை அங்கே பார்ப்பார்கள்.