எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு: கடிகாரம் பார்த்துச் சாப்பிடப் பழகுவது எப்படி?

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் கேட்பது "எவ்வளவு சாப்பிடலாம்?" என்றுதான். முதல் சில மாதங்களுக்கு அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, "எவ்வளவு நேரம் எடுத்துச் சாப்பிடணும்?" என்று கேளுங்கள். வாந்தி, நெஞ்சில் சோறு நிற்பது போன்ற உணர்வு, படபடப்பு என்று எங்கள் குழுவுக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் அவசரத்தால் வந்தவை.

கீழே உள்ள வாரக் கணக்குகள் பொதுவானவை. உங்கள் சர்ஜனோ டயட்டீஷியனோ கொடுத்த தாளில் வேறு மாதிரி எழுதியிருந்தால், அந்தத் தாள்தான் சரி.

முதல் படி: உங்களுக்கு நடந்தது என்ன ஆபரேஷன்?

சிரிக்காதீர்கள், "லேப்ராஸ்கோப்பி பண்ணாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்பவர்கள் நிறைய பேர். அது சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் முறை மட்டுமே, ஆபரேஷனின் பெயர் இல்லை. ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழ வடிவத்தில் ஒரு குழாய். சுமார் 100 முதல் 150 மில்லி கொள்ளும். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் வெட்டிய பகுதியில் சுரப்பதால், ஆரம்பத்தில் பசியே தெரியாது. பைபாஸ் என்றால் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். சத்துக்குறைவும், இனிப்பு சாப்பிட்டால் வரும் தொல்லையும் இதில் அதிகம். டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம் பிடித்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்த டாக்டரிடம் போனாலும் அது வேண்டும்.

இரண்டாம் படி: முதல் இரண்டு வாரம், மடக்கு மடக்காக

இந்த நாட்களில் வேலை ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வது. ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றித் தரும் 30 மில்லி கப் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு கப். அதையும் ஒரே மூச்சில் ஊற்றிக்கொள்ளாமல் மூன்று நான்கு மடக்காகக் குடியுங்கள். மணிக்கு 120 மில்லி ஆகிறது. விழித்திருக்கும் நேரம் முழுக்க இப்படிப் போனால் ஒன்றரை லிட்டர் தாண்டிவிடும். போனில் அலாரம் வையுங்கள். பசியும் தாகமும் நினைவுபடுத்தும் என்று காத்திருந்தால் மாலைக்குள் தலை சுற்றும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை.

முதலில் தெளிந்தவை: காரம் போடாத ரசத்தை வடிகட்டி, உப்புப் போட்ட நீர்மோர், கொஞ்சம் இளநீர். டயட்டீஷியன் சரி என்றதும் பால், வடிகட்டிய பருப்புத் தண்ணி, எலும்புத் துண்டு இல்லாத சிக்கன் சூப், பாலில் கலந்த புரோட்டீன் பவுடர். கோலி சோடா முதல் கோலா வரை வாயு உள்ள எதுவும் வேண்டாம், ஸ்ட்ராவும் வேண்டாம். வீட்டில் "தெம்புக்குக் கஞ்சி குடி" என்பார்கள். கஞ்சித் தண்ணியில் தண்ணீர்ச்சத்து உண்டு, புரதம் கிட்டத்தட்ட இல்லை. அதை மட்டும் குடித்து நாளை ஓட்டாதீர்கள்.

தோள்பட்டையில் ஒரு வலி வரலாம். ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் வருவது அது, நடக்க நடக்கக் குறையும். குறையாமல் நாளுக்கு நாள் ஏறும் வயிற்று வலி வேறு கதை. அந்த வலி, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120 தாண்டுவது, மூச்சு வாங்குவது, ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலிப்பது, நாள் முழுக்கத் தண்ணீர்கூட உள்ளே தங்காதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று படுக்காமல் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாந்தி நிற்கவில்லை என்றால் தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் டிரிப்ஸ் போட்டுக்கொண்டு வருவது நம்மூர்ப் பழக்கம். பல நாள் வாந்தி எடுத்தவருக்கு உடம்பில் பி1 வைட்டமின் தீர்ந்துபோயிருக்கலாம். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம். தூரத்து ஊரில் மாட்டிக்கொண்டீர்கள் என்றால், "எனக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கு, முதல்ல பி1 போடணுமான்னு பாருங்க" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கூட வருபவருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

மூன்றாம் படி: மசித்ததிலிருந்து தட்டுச் சாப்பாடு வரை

பொதுவாக மூன்றாவது, நான்காவது வாரம் மசித்த உணவு. ஐந்தாவது, ஆறாவது வாரம் மென்மையான உணவு. அதற்கப்புறம்தான் மெல்ல வழக்கமான சாப்பாடு. நாளுக்கு 60 கிராம் புரதமாவது சேர வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7 கிராம், 100 கிராம் பன்னீரில் சுமார் 18 கிராம். ஒரு இட்லியில் 2 கிராம் தேறினால் அதிகம். இட்லி சுலபமாக இறங்கும், அதுதான் அதில் உள்ள ஆபத்து. அது உள்ளே போய் இடத்தைப் பிடித்துக்கொண்டால் முட்டைக்கு இடமிருக்காது. ஆகவே தட்டில் வரிசை இதுதான்: முதலில் முட்டையோ மீனோ பருப்போ, அடுத்து காய், கடைசியில்தான் இட்லி, சோறு.

ஒரு அவித்த முட்டையைச் சாப்பிடும் முறையைச் சொல்கிறேன், மற்றதற்கும் இதுவே. குழந்தைக்கு ஊட்டும் சின்ன ஸ்பூனை எடுங்கள். கையால் சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு, நம் விரல்கள் பழைய கவளத்தின் அளவை மறக்காது. முட்டையில் சுண்டுவிரல் நகம் அளவு எடுத்து, கூழாகும்வரை மென்று விழுங்குங்கள். ஸ்பூனைக் கீழே வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். அப்புறம் அடுத்தது. ஒரு வேளைச் சாப்பாடு 20 முதல் 30 நிமிடம். நடுவில் விக்கல், தும்மல், மூக்கில் நீர் ஒழுகுவது, வாயில் எச்சில் ஊறுவது, நெஞ்சுக்குழியில் இறுக்கம் இவற்றில் ஏதாவது வந்தால் அத்தோடு போதும். மிச்சம் அரை முட்டை வீணாகிறதே என்று வாயில் போட்டால் அதுவும் வெளியே வரும், முன்னால் சாப்பிட்டதும் வெளியே வரும்.

சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் டம்ளரை மேஜையிலிருந்தே எடுத்துவிடுங்கள். சாப்பிட்டு அரை மணி கழித்துக் குடிக்கலாம். கடைசியில் ரசம் ஊற்றிக் குடிக்கும் பழக்கத்தையும் இப்போதைக்கு விடுங்கள். பலருக்குத் தொண்டைக்குக் கீழே நிற்பவை பரோட்டா, பிரெட், குழையாத வெள்ளைச் சோறு, வறண்ட கோழி நெஞ்சுக்கறி. குழம்பில் வெந்த மீன் சிரமம் தராமல் இறங்கும்.

பாயசம், ஜிலேபி, பழச்சாறு பக்கம் போனால் டம்பிங் வரலாம். சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைவது, பேதி. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கும். பைபாஸ்காரர்களுக்கு அதிகம், ஸ்லீவ்காரர்களுக்கும் வராது என்றில்லை.

நான்காம் படி: மாத்திரை

வாழ்நாள் முழுக்க. இதில் சலுகை கிடையாது. மல்டிவைட்டமின், பி12, டி, இரும்பு, கால்சியம். கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்துப் போடாதீர்கள், குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடும் போடாதீர்கள். பழைய சர்க்கரை, பிரஷர் மாத்திரை அளவுகளை டாக்டர் மாற்றித் தருவார், வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டையைத் தொடராதீர்கள். இபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் புண் உண்டாக்கும், முக்கியமாக பைபாஸில். மருந்துக்கடையில் கேட்கும்போதே பாராசிட்டமால் மட்டும் என்று சொல்லுங்கள். 3, 6, 12 மாதங்களில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் வருடா வருடம். மூன்றாவது மாதத்துக்கு மேல் பலருக்கு முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். பெண்கள் 12 முதல் 18 மாதம் கர்ப்பம் தள்ளிப்போட வேண்டும். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுவதால் இதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

ஐந்தாம் படி: வீட்டையும் ஊரையும் பழக்குவது

ஆபரேஷன் நடந்தது உங்கள் வயிற்றில்தான், அடுப்படியில் இல்லை. யார் சமைக்கிறாரோ அவரை டயட்டீஷியனிடம் கூட்டிப் போங்கள். அம்மா, மாமியார், மனைவி யாராக இருந்தாலும் சரி. "ரெண்டு இட்லிதானே, சாப்பிடும்மா" என்று அத்தை சொல்வது அன்புதான். ஆனால் அத்தையிடம் "வேண்டாம்" என்று நீங்கள் பத்து தடவை சொல்வதைவிட டயட்டீஷியன் ஒரு தடவை சொல்வது எடுபடும்.

கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குப் போங்கள். கூட்டம் குறைந்திருக்கும், பரிமாறுபவரிடம் நிதானமாகச் சொல்லலாம், அடுத்த பந்திக்காகப் பின்னால் யாரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். "என்ன இப்படி இளைச்சுட்டே, சுகரா?" என்பவர்களிடம் முழுக் கதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "வயித்துல ஒரு ஆபரேஷன், டாக்டர் கொஞ்சமாத்தான் சாப்பிடச் சொல்லியிருக்காங்க" போதும். பொய்யும் இல்லை.

ஆறாம் படி: நம்மைப் போன்றவர்களோடு சேர்வது

பல ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வாட்ஸ்அப் குரூப்போ மாதக் கூட்டமோ இருக்கும். இல்லையென்றால் டயட்டீஷியனிடம் கேளுங்கள், சம்மதிக்கும் நான்கு பேரை இணைத்துவிட்டால் போதும். ஹோட்டலில் சந்திக்காதீர்கள், பஜ்ஜி வந்துவிடும். பார்க்கில் நடந்துகொண்டே பேசலாம்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதமானவரிடம் பேசினால் உற்சாகம் கிடைக்கும், மூன்று வருடமானவரிடம் பேசினால் விவரம் கிடைக்கும். இருவரும் தேவை, ஆனால் முடிவெடுக்கும் முன் இரண்டாமவரைத் தேடுங்கள். எடை நின்றபோது என்ன செய்தார், மாத்திரையை விட்டாரா, எதைச் சாப்பிட இன்னும் சிரமம் என்று கேளுங்கள்.

குரூப்புக்குச் சில விதிகள் வேண்டும். தினமும் தன் எடையைக் குரூப்பில் போடக் கூடாது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் முள் நகராமல் நிற்பது சாதாரணம், அன்று அடுத்தவர் போட்ட படத்தைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும். மாத்திரை அளவை யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. பவுடர் விற்க வருபவரை அன்றே நீக்குங்கள். ராத்திரி வாந்தி, வலி என்று செய்தி வந்தால் அதற்கு ஒரே பதில்தான், "ஆஸ்பத்திரிக்குப் போங்க."

குரூப்பில் பேசத் தயங்கும் விஷயம் ஒன்று உண்டு. கவலை வந்தால் சாப்பாட்டில் ஆறுதல் தேடியவர்களுக்கு இப்போது அந்த வழி அடைபட்டுவிடும். சிலருக்கு மனச்சோர்வு வரும், சிலர் குடிப்பக்கம் போவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு, அதிலும் பைபாஸுக்குப் பிறகு, மது சீக்கிரம் தலைக்கேறும், அடிமையாகும் ஆபத்தும் கூடும். இதற்கு மனநல ஆலோசகர்தான் வேண்டும். உடனே பேச ஆள் இல்லாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு அப்புறம் சில கிலோ திரும்ப ஏறுவது பலருக்கும் நடப்பதுதான். அப்போதுதான் ஆட்கள் குரூப்பை விட்டு ஓசையில்லாமல் விலகுகிறார்கள். அப்படிக் காணாமல் போனவருக்கு ஒரு போன் போட்டு, "டயட்டீஷியனைப் பார்க்க நானும் வர்றேன், எந்த நாள் போகலாம்?" என்று கேளுங்கள்.