குப்பைக் கிடங்கும் நிலத்தடி நீரும்: எதை அளப்பது, எப்படிச் சுத்தம் செய்வது

குப்பைக் கிடங்கை ஒட்டிய ஒரு கிணற்றில் தண்ணீர் எடுத்து லேபுக்கு அனுப்பி, குளோரைடு லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வந்தால் உடனே குப்பைதான் காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்த மண்ணிலேயே உப்பு இருக்கலாம். குப்பையின் அடிக்கு வந்து சேரும் தண்ணீரில் எவ்வளவு, அதைத் தாண்டிப் போகும் தண்ணீரில் எவ்வளவு என்று இரண்டையும் பார்க்க வேண்டும், அந்த வித்தியாசம்தான் சாட்சி.

ஆகவே முதல் வேலை, நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது. தரையின் சரிவைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். ஒரே நேர்கோட்டில் இல்லாத மூன்று கிணறுகள் போதும்: ஒவ்வொன்றின் வாய்மட்டத்தையும் சர்வே செய்து, மூன்றிலும் ஒரே நாளில் நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து, வாய்மட்டத்திலிருந்து கழித்தால் நீர்மட்டம் கிடைக்கும், அது உயரமாக இருக்கும் பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்குத்தான் தண்ணீர் போகிறது. மழைக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். பக்கத்தில் பெரிய மோட்டார் ஓடினால் திசையே மாறும். பாறை நிலத்திலோ தண்ணீர் வெடிப்புகள் வழியே போவதால் மூன்று கிணற்றுக் கணக்கை அப்படியே நம்ப முடியாது.

திசை தெரிந்த பிறகு, நீர் குப்பையை நோக்கி வரும் மேற்புறம் ஒன்று, அதைத் தாண்டிப் போகும் கீழ்ப்புறம் குறைந்தது மூன்று என்று கண்காணிப்புக் கிணறுகள் போடுங்கள். ஏற்கெனவே இருக்கும் ஆழமான போர்வெல் இதற்கு உதவாது, ஏனென்றால் பல ஆழத்துத் தண்ணீரும் அதில் கலந்து மாசை நீர்க்கச் செய்துவிடும், அறிக்கை நன்றாக வரும், மாசு அங்கேயே இருக்கும். கண்காணிப்புக் கிணற்றில் துளையிட்ட குழாய்ப் பகுதி குட்டையாக இருக்க வேண்டும். அதைச் சுற்றி மணல், அதற்கு மேல் பென்டோனைட் களிமண் அடைப்பு, வாயில் பூட்டுப் போட்ட மூடி.

எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது? நீரின் வேகத்தைக் கணக்கிடுங்கள். மண்ணின் நீர்கடத்தும் திறன் நாளுக்கு 5 மீட்டர், நீர்மட்டச் சரிவு 100 மீட்டருக்கு 1 மீட்டர், நீர் ஓடக்கூடிய இடைவெளி 25 சதவீதம் என்றால், முதலிரண்டையும் பெருக்கி மூன்றாவதால் வகுக்க, வேகம் நாளுக்கு 0.2 மீட்டர், வருடத்துக்குச் சுமார் 73 மீட்டர். இப்படிப்பட்ட மண்ணில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சரிதான்.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலான தப்பு நடக்கிறது. குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீரை எடுக்கக் கூடாது. 5 செ.மீ. குழாயில் ஒரு மீட்டருக்குச் சுமார் 2 லிட்டர் நிற்கும், ஆக 10 மீட்டர் தண்ணீர் இருந்தால் 20 லிட்டர், அதைப்போல் மூன்று மடங்கு வெளியேற்றிவிட்டு எடுப்பது பழைய முறை. நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் போகாமல் மெதுவாக பம்ப் செய்து, பி.எச், மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன் மூன்றும் நிலையாக நின்றதும் எடுப்பது இன்னும் நல்லது, வண்டல் கலங்காது. சுத்தமான கிணற்றில் தொடங்கி மோசமான கிணற்றில் முடியுங்கள். ஆவியாகும் கரைப்பான்களுக்கான சிறு பாட்டிலைக் காற்றுக்குமிழி இல்லாமல் முதலில் நிரப்புங்கள். கரைந்த உலோகங்களுக்கான நீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். எல்லாம் ஐஸ் பெட்டியில் போகட்டும், கூடவே சுத்த நீர் நிரப்பிய ஒரு பாட்டிலும், வழியில் ஏதாவது கலந்ததா என்று அது காட்டிக்கொடுக்கும்.

குளோரைடை மண் பிடித்துவைக்காது, அதனால் அது முதலில் வந்து சேரும், அம்மோனியா பின்தங்கி வரும். இரும்பும் மாங்கனீசும் ஏறினால் அவை குப்பையிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்பதில்லை, குப்பையில் ஊறி இறங்கும் கசிவுநீரின் கரிமப்பொருள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் மண்ணிலிருந்தே கரைந்து வரும், சில இடங்களில் ஆர்சனிக்கும் அப்படித்தான். உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும் கரைப்பானான ட்ரைகுளோரோ எத்திலீன் குறைகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், அது சிதைந்து வினைல் குளோரைடாக மாறியிருக்கலாம், அது இன்னும் மோசமான நஞ்சு.

மாசு உறுதியானால், கீழ்ப்புறத்தில் யாராவது அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்களா என்று முதலில் பார்த்து, அன்றைக்கே மாற்றுத் தண்ணீர் கொடுங்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று யாரும் சொல்ல விடாதீர்கள்: நைட்ரேட்டும் உலோகங்களும் காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற செறிவுதான் கூடும்.

அடுத்து, மாசின் ஊற்றுக்கண்ணை அடைக்க வேண்டும். மேலே களிமண்ணோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டு மழைநீரைத் தடுக்காமலும், அடியில் தேங்கிய கசிவுநீரை இறைத்து எடுக்காமலும், நிலத்தடி நீரை மட்டும் சுத்தம் செய்துகொண்டே இருப்பது வீண்செலவு. அப்புறம்தான் கீழ்ப்புறக் கிணறுகளில் இறைத்துச் சுத்திகரிப்பது. கரைப்பான்களைக் காற்றூதியும் கரித்தூள் வழியாகவும் பிரிக்கலாம். அம்மோனியாவை பாக்டீரியா நைட்ரேட்டாக்கும், அந்த நைட்ரேட்டையும் இன்னொரு கட்டத்தில் நீக்க வேண்டும். ஆர்.ஓ. போட்டால் உப்புகளும் உலோகங்களும் பெரும்பாலும் நிற்கும், ஆனால் மிஞ்சும் செறிந்த கழிவை எங்கே விடுவது என்று முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள், குப்பைமேட்டிலேயே திரும்ப ஊற்றினால் உப்பு அங்கேயே சேர்ந்துகொண்டு போகும். ஆழம் குறைவாகவும் மாசு குளோரின் கரைப்பானாகவும் இருந்தால், நீரோட்டத்தின் குறுக்கே இரும்புத்தூள் சுவர் வைப்பது நல்ல வழி, நீர் அதைக் கடக்கும்போதே கரைப்பான் சிதைந்துவிடும், பம்பே தேவையில்லை.

அளவுகள் இறங்கியதும் பம்பை நிறுத்திவிட்டுப் போய்விட வேண்டாம். களிமண்ணில் ஊறியது மெல்லக் கசிந்து எண்கள் மறுபடி ஏறும். நிறுத்திய பிறகு குறைந்தது ஒரு முழு வருடம், மழைக்காலமும் கோடையும் சேர்த்து, அதே கிணறுகளில் அதே முறையில் அளந்துகொண்டே இருங்கள், ஏறினால் பம்பைத் திரும்பப் போடுங்கள்.