மலையகத்திலிருந்து தொழில்முறை கோல்ஃபுக்கு: முதலில் தூரக் கணக்கைச் சரிசெய்யுங்கள்

நுவரெலியாவில் 7 அயர்ன் என்ற மட்டையால் 150 யார் அடிக்கும் பிள்ளை அதே அடியை றோயல் கொழும்பு மைதானத்தில் அடித்தால், பந்து 142 யார் அளவில் விழுந்துவிடும். கிரீனுக்கு (குழி இருக்கும் குட்டைப் புல்தரைக்கு) முன்னால் பங்கர் என்ற மணற்குழி இருந்தால் அதற்குள் போய் உட்காரும். அடியில் பிழையில்லை, தூரக் கணக்கில்தான் பிழை. மலையிலிருந்து போட்டிக்கு இறங்கும் இளையவர்கள் ஸ்விங்கில், அதாவது மட்டை வீசும் முறையில், கைவைக்குமுன் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிது, பந்தைத் தடுப்பதும் குறைவு. அந்த உயரத்தில் பந்து ஏறக்குறைய 7 வீதம் கூடுதலாகப் பறக்கும். அங்குள்ள குளிர் அதில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆகவே கொழும்பு வெயிலோடு ஒப்பிட்டால் மிஞ்சும் வித்தியாசம் சுமார் 5 வீதம். கண்டிக்கு அருகே திகனையில் உள்ள விக்டோரியா மைதானம் இந்த இரண்டுக்கும் இடையில் வரும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. மெலிந்த காற்றில் பந்து வளைவதும் குறைவு. மலையில் "நேராகத்தானே போகுது" என்று விட்டுவைத்த சின்ன ஸ்லைஸ் (வலக்கைக்காரருக்கு வலப்பக்கம் வளையும் அடி), கொழும்பில் மரத்துக்குள் போய்விடும். கீழே இறங்கியதும் ஸ்விங் கெட்டுப்போனதாகப் பயந்து கண்டபடி மாற்றுகிறார்கள். கெட்டுப்போனது ஒன்றுமில்லை. மலை மறைத்துவைத்திருந்த குறை வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

இதற்கு ஒரே வழி சொந்தமாகத் தூர அட்டவணை போடுவது. ஒவ்வொரு அயர்னாலும், குறுந்தூரத்துக்கான மட்டையான ஒவ்வொரு வெட்ஜாலும் 20 பந்து அடியுங்கள். போட்டியில் பாவிக்கும் அதே ரகப் பந்தாக இருக்க வேண்டும், தேய்ந்த பயிற்சிப் பந்து பொய் சொல்லும். பந்து முதலில் தரையைத் தொட்ட இடம் வரைதான் கணக்கு. உருண்டதைச் சேர்க்காதீர்கள், ஈரப் புல்லில் உருளாது, காய்ந்த புல்லில் நிறைய உருளும். மிகத் தூரம் போன மூன்றையும் மிகக் குறைந்த மூன்றையும் தள்ளிவிட்டு மிச்சம் 14க்குச் சராசரி எடுங்கள். காலை ஏழு மணிக்கு ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை. கொழும்புக்குப் போனதும் போட்டிக்கு முன் இதையே திரும்பச் செய்யுங்கள். மூன்று நிரலாக ஒரு சிறு கொப்பியில் எழுதி பேக்கிலேயே வையுங்கள். மிகச் சிறந்த அடியைத் தன் தூரம் என்று எழுதிக்கொள்பவர் ஒவ்வொரு ஹோலிலும் கிரீனுக்கு முன்னாலேயே நிற்பார்.

தூரம் அளக்கும் லேசர் கருவி இருந்தால், ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும் வசதியைப் போட்டியில் அணைத்துவைக்க வேண்டும். தூரத்தை மட்டும் அளக்கலாம், அதுவும் அந்தப் போட்டி விதி தடைசெய்யாவிட்டால்தான். குளிர் காலையில் கையைச் சூடாக்கிக்கொள்ளலாம். பந்தைச் சூடாக்கி அடித்தால் போட்டியிலிருந்தே நீக்கம்.

ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்த காலைகளில் கிரீன் வெள்ளையாக இருக்கும்போது அதில் கால் வைக்கக் கூடாது. உறைந்த புல் இலை மிதித்த இடத்தில் நொறுங்கும், வெயில் ஏறியபின் பாதத்தின் வடிவிலேயே கருகி நிற்கும். பனி தானாகக் கரையும்வரை வெளியே நின்று சிப்பிங் (கிரீனுக்கு அருகிலிருந்து அடிக்கும் சிறு அடி) பழகுங்கள். மழை மாதங்களில் இரண்டு உலர்ந்த கையுறைகளைப் பொலித்தீன் பையில் வைத்து, ஆறு ஹோலுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஈரமான பிடி நழுவாமலிருக்கக் கை இறுகும், இறுகினால் பந்து வலப்பக்கம் ஓடும்.

மலை கொடுக்கும் சொத்தும் உண்டு. சரிவில் நின்று அடிப்பது சமவெளிப் பிள்ளைகளுக்கு இலகுவில் வராது. வலக்கைக்காரருக்குப் பாதத்தைவிடப் பந்து உயரத்தில் இருந்தால் இடப்பக்கம் போகும், தாழ்வில் இருந்தால் வலப்பக்கம். இதை உடம்பே கற்றுக்கொண்டிருக்கும். குறையாக நிற்பது பட்டிங், அதாவது கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டுவது. ஒரு ரவுண்டின் அடிகளில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பட்டிங்தான், பயிற்சி நேரத்திலும் அதே பங்கைக் கொடுங்கள். இரண்டு மீற்றருக்குள் இருப்பதை ஓயாமல் போட்டுப் பழகினால் ஸ்கோர் தானாக இறங்கும்.

கெடியாகப் பேக் தூக்கி விளையாட்டுக்கு வந்த பிள்ளைகள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பேக் தூக்கிக் கூலி வாங்குவதால் அமெச்சூர் தகுதி போகாது. ஆனால் விருந்தினருக்கு ஸ்விங் சொல்லிக்கொடுத்துக் காசு வாங்கினால் போய்விடும். பரிசாக வாங்கக்கூடியதற்கும் எல்லை உண்டு, 2022 விதிப்படி 1,000 அமெரிக்க டொலர். இந்தத் தகுதி இருக்கும்வரைதான் இலங்கை அமெச்சூர் சாம்பியன்ஷிப்பில் ஆடலாம், தேசிய அணியில் அமெச்சூராகவும் இடம் பிடிக்கலாம். அவசரப்பட்டு இழக்காதீர்கள்.

எப்போது தொழில்முறைக்கு மாறுவது? சொந்த மைதான ஸ்கோரை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஆட்டத் தரத்தைக் காட்டும் ஹண்டிகாப் பிளஸ் 2 (பாரைவிட, அதாவது மைதானத்துக்கு நிர்ணயித்த அடிக்கணக்கைவிட, இரண்டு அடி குறைவாக ஆடும் தரம்) அல்லது அதைவிட நன்றாக இருக்க வேண்டும். அந்நிய மைதானத்தில், நான்கு நாள் போட்டியில், சராசரி பாருக்கு அருகில் நிற்க வேண்டும். உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டு மாறுவதே நல்லது. இந்தத் தொழிலில் முதல் சில வருடங்கள் காசு கையைவிட்டுத்தான் போகும், பிள்ளையின் கையில் வேறொரு வழியும் இருக்க வேண்டும்.

இலங்கையருக்குப் பக்கத்து வாசல் இந்தியாவின் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிடிஐ சுற்று. மிதுன் பெரேராவும் என். தங்கராஜாவும் அங்கே பட்டம் வென்றவர்கள். தகுதிச் சுற்றில் தேறினால்தான் இடம் கிடைக்கும். வழமையாக அது வருட ஆரம்பத்தில் வரும், ஆகவே முந்தைய ஒக்டோபரிலேயே கடவுச்சீட்டையும் விசாவையும் பாருங்கள். நவம்பரை வீணாக்காமல் முடிந்தால் கொழும்பில் தங்கிச் சமவெளித் தூரத்துக்குப் பழகுங்கள். மலையிலிருந்து நேரே போய் விளையாடாதீர்கள், வெயிலுக்கும் தூரத்துக்கும் உடம்பு பழக ஒரு கிழமையாவது வேண்டும்.

போட்டி நாளில் முதல் அடிக்கு முன் பேக்கை எண்ணுங்கள். 14 கிளப்புக்கு மேல் இருந்தால் ஹோலுக்கு இரண்டு அடி தண்டம், ஒரு ரவுண்டுக்கு நான்கு வரை. பயிற்சிக்கு எடுத்த மேலதிக வெட்ஜ் ஒன்று பேக்கிலேயே தங்கிவிடுவதுதான் வழமையான காரணம்.

பணத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். இரண்டு நாள் முடிவில் கட் (மிச்ச நாட்களில் ஆடத் தேவையான ஸ்கோர் எல்லை) தாண்டாதவருக்கு ஒரு சதமும் கிடைக்காது. நுழைவுக் கட்டணம், விமானம், அறை, சாப்பாடு, கெடி கூலி எல்லாவற்றையும் கூட்டி ஒரு போட்டிக்கான செலவை எழுதுங்கள். அதைப் பத்தால் பெருக்கி, அந்தத் தொகை கையில் இருந்தால் மட்டும் புறப்படுங்கள். இரண்டு மூன்று போட்டிக் காசோடு போகிறவர் கட் கோட்டில் நிற்கும்போது அறை வாடகையை நினைத்துப் பட்டிங் போடுவார். அறையை இன்னொரு வீரரோடு பகிருங்கள். கெடிக்கு வாரக் கூலியும் பரிசில் பங்கும் என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

உதவி செய்ய வருபவர் பரிசில் பங்கு கேட்டால் தப்பில்லை. ஆனால் எத்தனை வீதம், எத்தனை வருடம், கொடுத்த காசு திரும்பியபின் பங்கு குறையுமா என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். பெற்றோர் தமிழில் வாசித்து விளங்கிக்கொண்ட பிறகே கையொப்பம். காலவரையறை இல்லாத ஒப்பந்தம் எதிலும் கையொப்பமிடாதீர்கள், எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும்.