நம்பர்ஸ் தொடரின் முதல் அத்தியாயக் கணக்கைக் கட்டத்தாளில் போட்டுப் பார்ப்பது எப்படி

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 2005 ஜனவரி முதல் 2010 மார்ச் வரை ஓடியது நம்பர்ஸ். அண்ணன் டான் எப்ஸ் லாஸ் ஏஞ்சலிஸில் எஃப்பிஐ அதிகாரி. தம்பி சார்லி கணிதப் பேராசிரியர். சாப்பாடு, தூக்கம் மறந்து கரும்பலகையே கதியென்று கிடப்பவர். அவருடைய ஆராய்ச்சி மாணவிக்கு அமிதா ராமானுஜன் என்று கும்பகோணத்துக்காரரை நினைவுபடுத்தும் பெயர். ஆறு பருவங்களில் வந்த கணக்குகளில் பல, கதைக்காக அவசரமாகத் தொட்டுவிட்டுப் போனவை. முதல் அத்தியாயத்துச் சூத்திரம் அப்படியல்ல. வான்கூவர் காவல்துறையில் இருந்தபடியே 1995-இல் முனைவர் பட்டம் பெற்ற கிம் ரோஸ்மோ உருவாக்கிய அசல் சூத்திரம் அது. ஒரே ஆள் செய்த குற்றங்கள் நடந்த இடங்களை வைத்து, அவருடைய வீடு எங்கே இருக்கலாம் என்று தேடுவதற்கானது. ஒரு கட்டத்தாளும் கால்குலேட்டரும் போதும், வீட்டிலேயே போட்டுவிடலாம்.

புல்வெளியில் சுழலும் நீர்த்தெளிப்பானைக் காட்டித்தான் சார்லி இதை விளக்குவார். அடுத்த துளி எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் விழுந்த துளிகளை வைத்து, தெளிப்பான் எங்கே நிற்கிறது என்று பின்னோக்கிப் போகலாம். இரண்டு விஷயங்கள் இதற்கு அடிப்படை. குற்றம் செய்பவர் வெகுதூரம் போக மெனக்கெட மாட்டார். அதே சமயம் தெரிந்த முகங்கள் இருக்கும் தன் தெருவிலும் கைவைக்க மாட்டார். ஆகவே வீட்டைச் சுற்றி ஒரு வெற்று வளையம், அதன் விளிம்பில் வாய்ப்பு உச்சம், அதைத் தாண்டினால் படிப்படியாகச் சரிவு.

வரைபடத்தின் மேல் பத்துக்குப் பத்து கட்டம் போடுங்கள். ஒரு கட்டம் 500 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்கு ஐந்து சம்பவ இடங்கள்: (2,3), (3,8), (8,8), (9,4), (6,1). முதல் எண் கிடைவரிசை, இரண்டாவது செங்குத்து. ஐந்துக்குக் குறைவான புள்ளிகளோடு இறங்க வேண்டாம். வரும் விடையை நம்ப முடியாது.

தூரத்தை அடிக்கோல் வைத்து நேர்கோட்டில் அளக்காதீர்கள். தெருவழியே நடப்பதுபோல் கிடையாக எத்தனை கட்டம், செங்குத்தாக எத்தனை கட்டம் என்று எண்ணிக் கூட்ட வேண்டும். (2,3)-க்கும் (6,1)-க்கும் இடையே 4 + 2 = 6. மன்ஹாட்டன் தூரம் என்பது இதுதான்.

அடுத்து வெற்று வளையத்தின் ஆரம். ஒவ்வொரு புள்ளிக்கும் மிக அருகில் உள்ள மற்றொரு புள்ளியின் தூரத்தை எழுதுங்கள்: 6, 5, 5, 5, 6. சராசரி 5.4, அதில் பாதி 2.7. கைக்கணக்குக்காக 3 என்று முழுமையாக்கலாம், அதாவது 1.5 கிலோமீட்டர். கணினியில் போட்டால் 2.7-ஐ அப்படியே விடுங்கள்.

சூத்திரத்தில் இரண்டு அடுக்கெண்கள் உண்டு. இரண்டையும் 1.2 என்று வைப்பது வழக்கம். அப்படி வைத்தால் கணக்கு சுருங்கிவிடும். தூரம் 3-க்கு மேல் என்றால் 1-ஐ (தூரத்தின் 1.2 அடுக்கு) ஆல் வகுக்கவும். 3-க்குள் என்றால், ஆரத்தின் இரு மடங்கான 6-இலிருந்து தூரத்தைக் கழித்து, அந்த மீதிக்கு 1.2 அடுக்கு எடுத்து 1-ஐ வகுக்கவும். அடுக்குப் பொத்தான் பெரும்பாலான செல்பேசிகளில் கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் வரும்.

ஒவ்வொரு தடவையும் அடுக்கெடுத்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும், தப்பும் வரும். முதலிலேயே வாய்ப்பாடு எழுதிக்கொள்ளுங்கள். தூரம் 3: 0.268. தூரம் 2, 4: 0.189. தூரம் 1, 5: 0.145. தூரம் 0, 6: 0.116. பிறகு 7: 0.097, 8: 0.082, 9: 0.072, 10: 0.063, 11: 0.056. 3-ஐ நடுவில் வைத்து இருபுறமும் மதிப்புகள் ஒத்திருக்கும். ஒத்து வராவிட்டால் எங்கோ தவறியிருக்கிறீர்கள்.

இனி ஒவ்வொரு கட்டமாக எடுத்து, அதிலிருந்து ஐந்து புள்ளிகளுக்கும் உள்ள தூரங்களின் மதிப்பைக் கூட்டுங்கள். (6,4)-இலிருந்து தூரங்கள் 5, 7, 6, 3, 3. கூட்டினால் 0.145 + 0.097 + 0.116 + 0.268 + 0.268 = 0.894. நூறு கட்டங்களில் இதுதான் உச்சம். அடுத்து (7,3) 0.869, அதன்பின் (5,3) 0.860. சம்பவம் நடந்த (6,1) கட்டத்துக்கோ வெறும் 0.483, வெற்று வளையம் வேலை செய்வது இங்கேதான் தெரியும். சூத்திரத்தின் முன்னால் வரும் மாறிலியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒப்பிடத்தான் போகிறோம், எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கினாலும் வரிசை மாறாது.

விடையை எப்படிப் படிப்பது? 0.894 என்றால் 89 சதவீதம் உறுதி என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. அது நிகழ்தகவே அல்ல, வரிசை எண்ணுக்கான மதிப்பெண் மட்டும். தேடலை (6,4)-இல் தொடங்கி மதிப்பு இறங்கும் வரிசையில் போக வேண்டும். வீடு (5,3)-இல் இருந்தால் மூன்றாவது கட்டத்திலேயே எட்டிவிடலாம், அதாவது மொத்தப் பரப்பில் 3 சதவீதத்தைத் தேடினால் போதும். முறையின் வெற்றியை இந்தச் சதவீதத்தால்தான் அளக்கிறார்கள்.

எங்கே சறுக்கும் என்பதை முதல் அத்தியாயமே காட்டிவிடுகிறது. சார்லி குறித்துக் கொடுத்த பகுதியை எஃப்பிஐ சலித்தும் ஆள் சிக்கவில்லை. சூத்திரத்தில் பிழையில்லை, ஒரே மையம் என்ற அனுமானம்தான் பிழை. சிலர் வீட்டிலிருந்தும் கிளம்புவார்கள், வேலையிடத்திலிருந்தும் கிளம்புவார்கள். எல்லாப் புள்ளிகளையும் ஒன்றாகப் போட்டால் உச்சம் இரண்டுக்கும் நடுவே, யாருமே இல்லாத இடத்தில் போய் விழக்கூடும். புள்ளிகள் இரண்டு கொத்தாகத் தெரிந்தால் இரண்டு மையங்களுக்குத் தனித்தனியாகப் போடுங்கள், ஒவ்வொரு கொத்திலும் ஐந்து தேறினால்.

வெளியூரிலிருந்து வண்டி பிடித்து வந்து செய்துவிட்டுப் போகிறவரிடம் இந்த முறை செல்லாது, ஏனென்றால் வீடு கட்டத்துக்குள்ளேயே இருக்காது. வேறொருவர் செய்த சம்பவம் ஒன்று பட்டியலில் கலந்தாலும் உச்சம் நகர்ந்துவிடும். எந்தெந்தச் சம்பவங்கள் ஒரே ஆளுடையவை என்று முடிவுசெய்வதுதான் நிஜ விசாரணையில் கடினமான பகுதி, தொடரில் அது இரண்டு வசனத்தில் முடிந்துவிடும். ஒரே இரவில் அடுத்தடுத்த இரண்டு கதவுகளில் நடந்ததை இரண்டு புள்ளியாக வைக்காதீர்கள், ஒன்றாகவே எண்ணுங்கள். கடல், ஏரி, மலை விழும் கட்டங்களை வரிசையிலிருந்து அடித்துவிடுங்கள்.

சரிபார்க்க, குற்றச் செய்தி எதுவும் தேவையில்லை. விடை தெரிந்த புள்ளிகள்தான் நல்லது. வீட்டிலிருந்து நீங்களாகத் தேர்ந்து போகும் மளிகைக் கடை, டீக்கடை, மருந்துக்கடை என்று ஏழெட்டு இடங்களைக் குறித்து, உங்கள் வீட்டுக் கட்டம் எத்தனையாவதாக வருகிறது என்று பாருங்கள். டீக்கடை வாசலிலேயே இருந்தால் அதை விட்டுவிடுங்கள், வளையம் குழம்பும். அக்கம்பக்கத்தில் நடந்த உண்மைத் திருட்டுக்கு இதைப் போட்டு, வந்த கட்டத்தைக் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் பகிர மட்டும் செய்யாதீர்கள். அந்த 500 மீட்டருக்குள் இருக்கும் அத்தனை வீட்டின் மேலும் சந்தேகம் விழும்.