கத்தோலிக்கரும் சுவிசேஷ சபையாரும் பேசும்போது: வேத மொழிபெயர்ப்பைத் தேர்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்தோலிக்கரும் சுவிசேஷ சபையாரும் வேதத்தைத் திறந்து வைத்துப் பேச அமரும்போது, எந்தப் பக்கமும் சாயாத ஒரு மொழிபெயர்ப்பை முதலில் தேடிப் பிடித்துவிட வேண்டும் என்று நினைப்பதுதான் பெரும்பாலும் முதல் தவறாகிறது. இரு தரப்பு அறிஞரும் சேர்ந்து உழைத்த பதிப்புகள் இல்லாமல் இல்லை. கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அதற்கு வழிவிட்டது. ஐக்கிய வேதாகமச் சங்கங்களும் வத்திக்கானும் 1968-இல் அதற்கான நெறிமுறைகளை வகுத்தன. தமிழில் 1995-இல் வெளியான திருவிவிலியமும் அத்தகைய பொது மொழிபெயர்ப்பே. ஆயினும், பொதுவாக உருவான நூல் பொதுவாகவே புழங்கும் என்று சொல்வதற்கில்லை. சுவிசேஷ சபையார் பலர் அதைக் ‘கத்தோலிக்க பைபிள்’ என்றே கருதுகின்றனர். அவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் வசனங்களோ பழைய மொழிபெயர்ப்பான பரிசுத்த வேதாகமத்தின் சொற்களில் இருக்கின்றன. ஒருவர் கிருபை, விசுவாசம், ஞானஸ்நானம் என்பார். மற்றவர் அருள், நம்பிக்கை, திருமுழுக்கு என்பார். ஒரே நூலை இருவர் மீதும் சுமத்தினால், அதில் பழகாதவர் ஒவ்வொரு வசனத்தையும் ஐயத்தோடுதான் வாசிக்கத் தொடங்குவார். அவரவர் நம்பி வாசிக்கும் பதிப்பை அவரவர் கொண்டுவந்து, இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்வதே சரியான ஏற்பாடு என்பது என் கருத்து.

தன் கொள்கைக்கு ஒத்த சொல் எந்தப் பதிப்பில் கிடைக்கிறதோ அதற்கு வசனத்துக்கு வசனம் தாவுவது தவறு என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். ஆனால் ஒரே பதிப்பைப் பிடித்துக்கொண்டிருப்பவரும், அப்பதிப்பு தமக்காக முன்பே செய்துவிட்ட தேர்வைக் கவனிக்காமல் விடுகிறார். மரபைப் பற்றிய விவாதம் இதற்கு நல்ல சான்று. மத்தேயு 15-ஆம் அதிகாரத்திலும் மாற்கு 7-ஆம் அதிகாரத்திலும் முன்னோர் மரபை முன்னிட்டுக் கடவுளின் கட்டளையைத் தள்ளுவோரை இயேசு கண்டிக்கிறார். அங்கே கிரேக்க மூலத்தில் உள்ள ‘பராடோசிஸ்’ என்ற சொல்லைப் பரிசுத்த வேதாகமம் ‘பாரம்பரியம்’ என்று தருகிறது. 2 தெசலோனிக்கேயர் 2:15-இல், வார்த்தையினாலோ நிருபத்தினாலோ தாம் உபதேசித்தவற்றைக் கைக்கொள்ளும்படி பவுல் எழுதும் இடத்திலும் மூலத்தில் அதே சொல்தான் பன்மையில் வருகிறது. ஆனால் அங்கே அது ‘முறைமைகள்’ ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் சுவிசேஷ சபையார் பெரிதும் பயன்படுத்தும் நியூ இன்டர்நேஷனல் வெர்ஷனும் கண்டிக்கும் இடத்தில் மரபு என்றும், கைக்கொள்ளச் சொல்லும் இடத்தில் போதனை என்றும் பொருள்படும் சொற்களை இடுகிறது. இந்தப் பதிப்புகளை மட்டுமே வாசித்து வளர்ந்த ஒருவர், வேதம் பாரம்பரியத்தைக் கண்டிக்க மட்டுமே செய்கிறது என்று மனமார நம்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது. அதே வேளையில், இரண்டு இடங்களிலும் ஒரே சொல் இருக்கிறது என்று காட்டிவிட்டதாலேயே தம் திருச்சபையின் மரபுகள் எல்லாம் பவுல் கற்பித்தவை என்று நிறுவிவிட்டதாகக் கத்தோலிக்கர் எண்ணுவதும் அவசரமே. ஒரு சொல்லின் மீது வாதம் முழுவதும் நிற்கிறது என்றால், அச்சொல் வரும் மற்ற இடங்களையும் சொல்லடைவில், அதாவது ஒவ்வொரு சொல்லும் வரும் வசனங்களின் பட்டியலில், பார்த்துவிட்டே மேலே செல்ல வேண்டும்.

லூக்கா 1:28-இல் வானதூதர் மரியாவை வாழ்த்தும் சொல்லும் இத்தகையதே. பரிசுத்த வேதாகமம் ‘கிருபை பெற்றவளே’ என்றும், திருவிவிலியம் ‘அருள்மிகப் பெற்றவரே’ என்றும் சொல்கின்றன. கத்தோலிக்கரின் பழைய லத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தாவோ ‘அருள் நிறைந்தவள்’ என்ற பொருளைத் தருகிறது. இவற்றுள் எதையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. மரியா பிறவிப் பாவமின்றிக் கருவானார் என்னும் அமலோற்பவக் கோட்பாட்டை இந்த ஒரு சொல் தனியே நிலைநாட்டவும் செய்யாது, குலைக்கவும் செய்யாது. பழைமையான பதிப்பே தம் சபையின் உண்மையான குரல் என்று நினைப்பவர்களுக்கு ஆதியாகமம் 3:15-ஐக் காட்டலாம். பழைய வுல்காத்தாவும் அதைப் பின்பற்றிய ஆங்கில டூவே-ரீம்ஸ் பதிப்பும் பாம்பின் தலையை நசுக்குபவள் பெண் என்கின்றன; வத்திக்கானே 1979-இல் வெளியிட்ட புதிய வுல்காத்தா அதைத் திருத்தி, பெண்ணின் வித்தையே, அதாவது வழித்தோன்றலையே, குறிப்பிடுகிறது.

வசனத்தை நீக்கிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு இத்தகைய உரையாடல்களை வெகு விரைவில் கெடுத்துவிடும். குழந்தைகளுக்குத் திருமுழுக்கு கொடுப்பது பற்றிப் பேச்சு வரும்போது, ‘நீர் முழு இருதயத்தோடும் விசுவாசித்தால் தடையில்லை’ என்று எத்தியோப்பிய மந்திரியிடம் பிலிப்பு சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் 8:37-ஐச் சுவிசேஷ சபையார் எடுத்து வைக்கலாம். புதிய மொழிபெயர்ப்புகளில் அந்த வசனம் அடிக்குறிப்புக்கோ அடைப்புக்குறிக்கோ போயிருப்பதைக் கண்டதும், கத்தோலிக்கர் மறைத்துவிட்டனர் என்ற ஐயம் எழும். உண்மையில் பல நூற்றாண்டுகளாகக் கத்தோலிக்கர் பயன்படுத்திய 1592-ஆம் ஆண்டு வுல்காத்தாவில் அவ்வசனம் இருக்கிறது. சுவிசேஷ சபையாரே உருவாக்கிய நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன்தான் அதை அடிக்குறிப்புக்கு இறக்கியிருக்கிறது. பழைமையான முக்கியக் கையெழுத்துப் படிகளில் அது இல்லை என்பதே காரணம். 1 யோவான் 5:7-இல் ‘பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி’ என்று வரும் தொடரின் நிலையும் இதுவே. இன்று புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்புகளுக்கு அடிப்படையாகும் கிரேக்கப் பதிப்பைத் தொகுத்த குழுவில், பின்னர் கர்தினாலான கார்லோ மரியா மார்ட்டினியும் புராட்டஸ்டன்ட் அறிஞர்களோடு சேர்ந்து பணியாற்றினார். எனவே இந்த வேறுபாடு முற்கால மொழிபெயர்ப்புகள் பின்பற்றிய மூலத்துக்கும் இன்று தொகுக்கப்பட்ட மூலத்துக்கும் இடையிலானதே அன்றி, இரு சபைகளுக்கும் இடையிலானது அன்று.

எத்தனை நூல்கள் என்ற கேள்வியை மொழிபெயர்ப்புக் கேள்வியோடு குழப்பிக்கொள்வது மற்றொரு தவறு. கத்தோலிக்கருக்கு 73 நூல்கள், சுவிசேஷ சபையாருக்கு 66. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு நூல்கள் ஆகிய ஏழும், எஸ்தர், தானியேல் நூல்களின் கூடுதல் பகுதிகளும் இந்த வேறுபாட்டில் அடங்கும். இறந்தோருக்காக மன்றாடுவது பற்றிய பேச்சில் 66 நூல்கள் கொண்ட பதிப்பை மட்டும் மேசையில் வைத்தால், 2 மக்கபேயர் 12-ஐத் திறந்து பார்க்கவே வழியிராது. அப்பகுதியை மறுப்புக்கு இடமில்லாத சான்றாகக் காட்டினாலோ, எதிர்த் தரப்பு ஏற்காத ஒன்றை ஏற்றதாகக் கொண்டு வாதிடுவதாகிவிடும். அந்நூல்கள் அடங்கிய பதிப்பை வைத்துக்கொண்டு, அவற்றின் அதிகாரத்தைத் தனித் தலைப்பாகப் பேசுவதே முறை. லூத்தரின் 1534-ஆம் ஆண்டு பைபிளும் 1611-ஆம் ஆண்டு கிங் ஜேம்ஸ் பைபிளும் அவற்றைத் தனிப் பகுதியாக அச்சிட்டே வைத்திருந்தன என்பதை அறிந்தால், அவற்றைத் திறந்து பார்க்கவே கூடாது என்ற தயக்கம் சுவிசேஷ சபையாருக்குக் குறையலாம்.

கருத்தைத் தழுவி எளிமையாக்கிய பதிப்புகள் தனி வாசிப்புக்கு நல்லவை. சொல்லுக்குச் சொல் ஆராயும் உரையாடலுக்கு அவை உதவா. அடிக்குறிப்புகளும் பிரிவுத் தலைப்புகளும் பதிப்பாசிரியர்களுடையவை என்பதால், அவற்றை வசனத்துக்குச் சமமாக மேற்கோள் காட்டக் கூடாது.

எண்களையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்வது நல்லது. வுல்காத்தாவைப் பின்பற்றும் பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் 51-ஆம் சங்கீதம் 50-ஆம் எண்ணில் இருக்கும். 66 நூல் பதிப்பின் தானியேல் 3:24, கூடுதல் பகுதி இடையில் வருவதால், பல கத்தோலிக்கப் பதிப்புகளில் 3:91 ஆகியிருக்கும். அதிகார எண்ணோடு வசனத்தின் முதல் சில சொற்களையும் சேர்த்துச் சொன்னால், இருவரும் ஒரே இடத்தைத்தான் வாசிக்கிறார்களா என்பது உடனே தெரிந்துவிடும்.