தாம் படித்த பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைமீது வழக்கு: இரசிகர்கள் முறையாக வாதிடுவது எப்படி

சுபாங் ஜெயாவிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் உள்ள கல்லூரிகளில் அமெரிக்கப் பட்டப்படிப்பைத் தொடங்கி, எஞ்சிய ஆண்டுகளை அமெரிக்காவில் முடித்துத் திரும்பிய தமிழர்கள் கோலாலம்பூரில் கணிசமாக இருக்கிறார்கள். பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அவர்களுள் பலர் தம் பல்கலைக்கழக அணியை விட்டுவிடுவதில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் சனிக்கிழமை பிற்பகல் மூன்றரைக்குத் தொடங்கும் அமெரிக்கக் காற்பந்தாட்டத்தை இங்கே ஞாயிறு விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து பார்க்கிறார்கள். பிறகு பிரிக்பீல்ட்ஸில் பசியாறும்போது அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அந்தப் பற்று உண்மையானது. அதனால்தான், அதே பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைமீது மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள் என்ற செய்தி வந்ததும் அவர்களுடைய புலனக் (வாட்ஸ்அப்) குழு இரண்டாகப் பிளந்து, பழைய நண்பர்கள் மனம் கசந்து போகிற அளவுக்கு வாதம் முற்றுகிறது.

வாதிடுவதில் தவறில்லை. ஆனால் பெரும்பாலான வாதங்களில் இரு தரப்பும் நீதிமன்றத்தின் முன் இல்லாத ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்லிக்கொண்டிருக்கின்றன. "நம் பல்கலைக்கழகம் நல்லதா, கெட்டதா" என்று எந்த நீதிபதியும் விசாரிப்பதில்லை. குறிப்பிட்ட ஒரு சட்டம் மீறப்பட்டதா, மீறப்பட்டிருந்தால் யாருக்கு என்ன பரிகாரம் என்பதே விசாரணை. அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்துக்கொண்டு பேசத் தொடங்குவதற்கான வழிகளையே இங்கே சொல்கிறேன்.

யார் யார்மீது, எந்தச் சட்டத்தின்கீழ்

முதலில் பிரதிவாதி யார் என்று பாருங்கள். விளையாட்டுத் துறைக்குப் பெரும்பாலும் தனிச் சட்ட உருவம் இருப்பதில்லை என்பதால், வழக்கு பல்கலைக்கழகத்தின்மீதோ அதன் ஆட்சிக் குழுவின்மீதோ பதிவாகும். சில வழக்குகளில் பல்கலைக்கழகம் பிரதிவாதியே அன்று. அண்மைக் காலத்தில் மிகப் பெரிதாகப் பேசப்பட்ட, விளையாட்டாளர்களுக்குப் பணம் தருவதைத் தடுத்த விதிகளை எதிர்த்த ஹவுஸ் வழக்கில் பிரதிவாதிகளாக நின்றவை தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏவும் பல்கலைக்கழக அணிகள் சேர்ந்து ஆடும் ஐந்து பெரிய கூட்டமைப்புகளும்தான். ஆயினும் 2025 ஜூன் 6-ஆம் தேதி நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த சமரசத்தின் சுமை பல்கலைக்கழகங்கள்மீதும் இறங்கியது. முன்னாள் விளையாட்டாளர்களுக்குப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 2.8 பில்லியன் டாலர் வழங்கப்பட வேண்டும். அதில் பெரும்பகுதி, என்சிஏஏ பல்கலைக்கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் தொகையிலிருந்து கழிக்கப்படுகிறது. "நம்மீது யாரும் வழக்குப் போடவில்லையே, நாம் ஏன் கட்ட வேண்டும்" என்று கேட்பவருக்கும், "நாம்தான் தோற்றோம்" என்று வருந்துபவருக்கும் இதுவே விடை.

அடுத்து, எந்தச் சட்டம் என்று பாருங்கள். விளையாட்டாளர்களுக்குச் சேர வேண்டிய பணத்தை விதி போட்டுத் தடுத்தார்கள் என்றால் அது வணிகப் போட்டியைத் தடுப்பதற்கு எதிரான சட்டத்தின்கீழ் (antitrust) வரும் வழக்கு. ஹவுஸ் அந்த வகை. பெண்களுக்குச் சம வாய்ப்பு இல்லை என்றால் அது 1972-இல் இயற்றப்பட்ட டைட்டில் நைன் சட்டத்தின்கீழ் வரும். பணிநீக்கப்பட்ட பயிற்றுநர் தொடுப்பது பெரும்பாலும் ஒப்பந்த வழக்கு. மருத்துவரோ பயிற்றுநரோ மாணவர்களிடம் பாலியல் அத்துமீறல் செய்ததைப் பல்கலைக்கழகம் கண்டுகொள்ளாமல் விட்டது என்ற வழக்கு முற்றிலும் வேறு தன்மையது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2018-இல் 500 மில்லியன் டாலருக்கும், மிச்சிகன் பல்கலைக்கழகம் 2022-இல் 490 மில்லியன் டாலருக்கும் சமரசம் செய்தவை இந்த வகை வழக்குகள். பணப் பங்கீட்டைப் பற்றி வாதிடுகிற குரலில் இவற்றைப் பற்றிப் பேசவே கூடாது. அணியின் வெற்றி தோல்வியை இத்தகைய வழக்கோடு சேர்த்து ஒரு சொல்கூடச் சொல்லாதிருப்பது இரசிகரின் குறைந்தபட்சக் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆவணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

செய்தியின் தலைப்பை வைத்து வாதிடாதீர்கள், மனுவைப் படியுங்கள். கோலாலம்பூரில் இருந்துகொண்டே அதைப் பெற முடியும். அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்ற ஆவணங்கள் பேசர் என்னும் அரசுத் தளத்தில் கிடைக்கின்றன. பக்கத்துக்கு 10 சென்ட் கட்டணம். பெரும்பாலான ஆவணங்களுக்கு உச்சவரம்பு 3 டாலர். ஒரு காலாண்டில் 30 டாலருக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. பெரிய வழக்குகளின் ஆவணங்கள் கோர்ட்லிசனர் என்னும் தளத்தில் பெரும்பாலும் இலவசமாகவே இருக்கும். மாநில நீதிமன்ற வழக்கு என்றால் அந்தந்த மாநிலத்தின் தளத்தைத் தேட வேண்டும்.

மனுவைப் படிக்கும்போது மூன்று வகைக் கூற்றுகளைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்: வழக்காடுபவர் சொல்வது, பல்கலைக்கழகம் தன் பதிலில் ஒப்புக்கொண்டது, நீதிமன்றம் உறுதிசெய்தது. தொடக்கத்தில் முதல் வகை மட்டுமே இருக்கும். இரண்டாவது மெல்ல வரும். மூன்றாவது பல வழக்குகளில் வருவதே இல்லை, ஏனெனில் அவை சமரசத்தில் முடிகின்றன. குழுவில் ஒருவர் ஒரு கூற்றைச் சொல்லும்போது "இது எந்த வகை?" என்று கேட்டுப் பழகினாலே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

எந்தக் கட்டத்தில் வழக்கு இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இரசிகர்கள் மிகவும் இடறுவது தள்ளுபடி கோரும் மனுவில்தான். பல்கலைக்கழகம் "இந்த வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யுங்கள்" என்று கேட்கும், நீதிபதி மறுப்பார், உடனே குழுவில் "நாம் தோற்றுவிட்டோம்" என்று ஒருவர் எழுதுவார். அந்தக் கட்டத்தில் நீதிபதி செய்வது, மனுவில் உள்ள தகவல்கள் எல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டால் அவை சட்டப்படி ஒரு வழக்காகுமா என்று பார்ப்பது மட்டுமே. உண்மையில் என்ன நடந்தது என்று அவர் எதையும் தீர்மானிக்கவில்லை. அதற்குப் பின்னர் வரும் ஆவணப் பரிமாற்றக் கட்டம்தான் உண்மையிலேயே கவனிக்கத் தக்கது, ஏனெனில் மின்னஞ்சல்களும் வரவுசெலவுக் கணக்குகளும் வாக்குமூலங்களும் அப்போதுதான் எதிர்த்தரப்பின் கைக்கு வருகின்றன. பல சமரசங்கள் அதன் பிறகே கனிகின்றன.

ஒரு வழக்கை அருகில் வைத்துப் பார்ப்போம்

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தின்மீது தொடுக்கப்பட்ட கோஹன் வழக்கை ஒவ்வோர் இரசிகரும் ஒரு முறையாவது படிக்க வேண்டும் என்பேன். 1991-இல் பிரவுன், செலவைக் குறைப்பதற்காக, பெண்கள் கைப்பந்து, பெண்கள் சீருடற்பயிற்சி, ஆண்கள் நீர்ப்பந்து, ஆண்கள் கோல்ஃப் ஆகிய நான்கு அணிகளுக்கும் நிதியை நிறுத்தியது. அணிகள் தொடரலாம், ஆனால் பணத்தைத் தாங்களே திரட்ட வேண்டும். பெண்களுக்கு இரண்டு, ஆண்களுக்கு இரண்டு. இதைக் கேட்ட எந்த இரசிகரும் "இதைவிடச் சமம் வேறென்ன?" என்றுதான் சொல்வார்.

மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பில் உள்ள எண்களைப் பாருங்கள். பெண்கள் அணிகளை நிறுத்தியதில் மிச்சமானது 62,028 டாலர். ஆண்கள் அணிகளில் மிச்சமானது 15,795 டாலர். அதோடு, பெண்களின் பங்கு ஏற்கெனவே குறைவாக இருந்தது: வழக்கு விசாரிக்கப்பட்ட 1993–94 கல்வியாண்டில் மாணவர்களுள் பெண்கள் 51 விழுக்காடு, அணிகளில் ஆடியவர்களுள் பெண்கள் 38 விழுக்காடு. எத்தனை அணிகள் வெட்டப்பட்டன என்பது சட்டம் கேட்கும் கேள்வியே அன்று. பெண்களின் பங்கு மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப உள்ளதா. இல்லையெனில், அவர்களுக்கான வாய்ப்பைப் பல்கலைக்கழகம் தொடர்ந்து விரிவாக்கி வந்துள்ளதா. அதுவும் இல்லையெனில், ஆட விரும்பும், ஆடத் தகுதியுள்ள பெண்களின் தேவை முழுமையாக நிறைவேற்றப்பட்டுள்ளதா. இம்மூன்றில் ஒன்றையாவது காட்டியிருந்தால் பிரவுன் தப்பியிருக்கும். ஆர்வத்தோடு ஆடிக்கொண்டிருந்த இரண்டு அணிகளையே அது நிறுத்தியிருந்தது. ஆகவே மூன்றாவது வழியும் அதற்கு அடைபட்டது.

பெண்களுக்கு விளையாட்டில் ஆர்வம் குறைவு என்று பல்கலைக்கழகம் வாதிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாய்ப்பே தராமல் ஆர்வத்தை அளக்க முடியாது என்பதே அத்தீர்ப்பின் உள்ளுறை. 1997-இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரிக்க மறுத்தது. நம் குடும்பங்களிலும் பெண் பிள்ளைகள் திடலுக்குப் போவதைப் பற்றி இதே ஆர்வக் கதை சொல்லப்பட்டதை நாம் கேட்டிருக்கிறோம். அதனால் இந்த வாதத்தின் பலவீனம் நமக்கு எளிதில் புரிய வேண்டும்.

மலேசியப் பழக்கம் இடறும் இடங்கள்

நம் நாட்டு வழக்கங்களை மனத்தில் வைத்துக்கொண்டு அமெரிக்க வழக்கை அளப்பது பல தவறுகளுக்கு இட்டுச் செல்கிறது. இங்கே 1995-இல் நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) முறை ஒழிக்கப்பட்டது. அங்கே இழப்பீடு கோரும் உரிமையியல் வழக்கிலும் சாதாரணக் குடிமக்கள் நடுவர்களாக அமரக்கூடும். அவர்கள் எவ்வளவு தொகை விதிப்பார்கள் என்று கணிக்க முடியாத அச்சமும் சமரசத்துக்கு ஒரு காரணம். இங்கே தோற்றவர் வென்றவரின் செலவை ஏற்பது பொது வழக்கம். அங்கே அவரவர் செலவு அவரவருக்கு, ஆனால் டைட்டில் நைன் போன்ற சட்டங்களின்கீழ் வென்ற மாணவர் தம் வழக்கறிஞர் கட்டணத்தைப் பல்கலைக்கழகத்திடம் கோரலாம். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகம் மாநில அரசின் அங்கமாகக் கருதப்படுவதால் சில வகை இழப்பீட்டு வழக்குகளிலிருந்து அதற்குக் காப்பு உண்டு. டைட்டில் நைன் வழக்கை அந்தக் காப்பு தடுக்காது.

பண அளவும் வேறு. இங்கே பல்கலைக்கழக விளையாட்டு என்பது மாணவர் வாழ்வின் ஒரு பகுதி. அங்கே முன்னணித் துறைகள் சில ஆண்டுக்கு 200 மில்லியன் டாலருக்கு மேல் வருவாய் பெறுகின்றன. ஹவுஸ் சமரசத்தின்படி 2025–26-இல் ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டாளர்களுக்கு நேரடியாகப் பகிரக்கூடிய உச்சவரம்பு ஏறத்தாழ 20.5 மில்லியன் டாலர். "படிக்கப் போன பிள்ளைகளுக்குச் சம்பளம் எதற்கு" என்று கேட்பதற்கு முன், அவர்களுடைய ஆட்டத்தை ஒளிபரப்பி வரும் தொகையில் பயிற்றுநருக்கு எவ்வளவு போகிறது என்று பாருங்கள்.

வழக்கு மலேசிய நீதிமன்றத்தில் நடப்பதாக இருந்தால் எழுதும் முன் கூடுதல் எச்சரிக்கை தேவை. 2021 பிப்ரவரியில், வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காகவே மலேசியாகினி நிறுவனத்துக்கு நீதிமன்ற அவமதிப்பின் பேரில் கூட்டரசு நீதிமன்றம் 5 இலட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. தனி மனிதரைக் குற்றவாளி என்று எழுதினால் அவதூறுச் சட்டமும் உண்டு.

வழக்காடுபவரை எப்படிப் பேசுவது

வழக்குத் தொடுத்தவர் பெரும்பாலும் பத்தொன்பது, இருபது வயது மாணவர். நாம் விடிய விடிய விழித்திருந்து கைதட்டிய அதே சீருடையை அணிந்தவர். அவரை நன்றி கெட்டவர் என்று சொல்வது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. உதவித்தொகை பெற்றார் என்பதற்காகச் சட்டம் தரும் உரிமையை அவர் இழந்துவிடவில்லை. அவருடைய சமூக ஊடகப் பக்கத்தைத் தேடிப் போகாதீர்கள். அவருடைய ஆட்டத் திறனைக் கொண்டு வழக்கின் தகுதியை அளக்காதீர்கள். பெயர் மறைத்து வழக்காடுபவர் யார் என்று ஊகிக்கவே ஊகிக்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் தரப்பைப் பேச விரும்பினால் அதன் பதில் மனுவில் உள்ள வலுவான வாதத்தை எடுத்துப் பேசுங்கள். செலவுக் குறைப்பு, அணியின் ஆட்டக்காரர் எண்ணிக்கைக்கான வரம்பு, பிற அணிகளின் எதிர்காலம் என்று நேர்மையாகச் சொல்லத்தக்க வாதங்கள் அங்கே நிறைய இருக்கும்.

நேரில் கூடிப் பேசும்போது ஒரு வழி நன்றாகப் பயன்படுகிறது. ஒவ்வொருவரும் முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை, அந்தத் தரப்பினர் "ஆம், இதைத்தான் சொல்கிறோம்" என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்குச் சொல்ல வேண்டும். அதன் பிறகே தம் கருத்தைச் சொல்லலாம். ஆவணத்தை ஒருவர் திறந்து வைத்திருக்க வேண்டும். சந்தேகம் வரும்போது அவர் அந்தப் பத்தியை வாசிக்க வேண்டும். வழக்கறிஞராக இருக்கும் நண்பர் இருந்தால் அவரிடம் தீர்ப்பைக் கேட்காமல் நடைமுறையைக் கேளுங்கள்.

சமரசம் வந்த பிறகு

சமரசம் அறிவிக்கப்பட்டதும் பெரும்பாலோர் தொகையை மட்டும் பார்த்துவிட்டு விலகிவிடுகிறார்கள். பெரும்பாலான சமரசங்களில் பல்கலைக்கழகம் குற்றத்தை ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே அதை வெற்றி என்றோ தோல்வி என்றோ அறிவிக்காமல் உடன்பாட்டின் விதிகளைப் படியுங்கள். யார் யாரை அது உள்ளடக்குகிறது, யார் கண்காணிக்கிறார்கள், எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள். ஆட்சேபணைகளையும் விட்டுவிடாதீர்கள்: ஹவுஸ் சமரசம் ஒப்புதல் பெற்ற சில நாள்களிலேயே, முந்தைய ஆண்டுகளுக்கான தொகையில் ஏறக்குறைய 90 விழுக்காடு ஆண்கள் காற்பந்து, கூடைப்பந்து விளையாட்டாளர்களுக்கே போகிறது என்று எட்டுப் பெண் விளையாட்டாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள்.

பிரவுன் வழக்கில் 1998-இல் எட்டிய உடன்பாடு, பெண் விளையாட்டாளர்களின் விழுக்காடு மாணவியர் விழுக்காட்டிலிருந்து 3.5 புள்ளிக்கு மேல் விலகக்கூடாது என்று வரையறுத்தது. 2020-இல் அப்பல்கலைக்கழகம் பதினோர் அணிகளைக் கீழிறக்கியபோது, இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய அதே உடன்பாட்டைக் கொண்டு மாணவியர் மீண்டும் நீதிமன்றம் சென்றார்கள். அதுவும் சமரசத்தில் முடிந்து, பெண்கள் வாட்போர் அணியும் குதிரையேற்ற அணியும் திரும்ப வந்தன. அந்தச் சமரசத்தின்படி 1998 உடன்பாடு 2024 ஆகஸ்ட் 31-ஆம் தேதி முடிவுக்கு வந்தது. உங்கள் பல்கலைக்கழகத்தின் உடன்பாட்டிலும் அப்படி ஒரு தேதி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதைக் குழுவின் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்தத் தேதி கடந்த பிறகு வரும் முதல் வரவுசெலவுத் திட்டத்தில் எந்த அணியின் நிதி குறைகிறது என்று தேடிப் பாருங்கள்.