ரத்தத்தைக் காட்டிப் பாடம் நடத்தாதீர்கள்

ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் தொடங்கியதும் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் புதிய தன்னார்வலர்கள் வகுப்பெடுக்க வருகிறார்கள். அவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாங்கள் தொடக்கத்தில் செய்து, பலனில்லை என்று கண்டு கைவிட்டவற்றையே அவர்களும் செய்கிறார்கள். நேரத்துக்கு வருவது, ஒலிபெருக்கியைச் சரிபார்ப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குக் கேடாக முடியும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

விபத்துக் காட்சிகளைத் திரையிடுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அரங்கின் விளக்கை அணைத்துவிட்டு, கண்காணிப்பு கேமராவில் பதிவான விபத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவார்கள். லாரிச் சக்கரம், சிதறிய செருப்பு, ரத்தம். பிள்ளைகள் வாயடைத்துப் போவார்கள். பேச வந்தவர் பாடம் மனத்தில் பதிந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு வீடு திரும்புவார்.

அப்படி ஒரு நிகழ்ச்சியில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒரு பைக் சறுக்கி விழுந்ததும், பக்கத்தில் இருந்த பிளஸ் டூ மாணவன் தன் நண்பனிடம், "அவனுக்கு வளைக்கவே தெரியவில்லை" என்றான். நண்பன் தலையாட்டினான். ஓட்டத் தெரியாதவன்தான் விழுவான், நமக்குத்தான் தெரியுமே என்ற நினைப்பை அந்தப் படம் இன்னும் உறுதியாக்கியிருந்தது. முன்வரிசையில் ஒரு மாணவி துப்பட்டாவால் முகத்தைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனாள். அவளுடைய வீட்டில் ஒரு விபத்துச் சாவு நடந்திருந்தது. வகுப்பாசிரியருக்கு அது தெரியும். படம் காட்டியவர் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்படி ஊட்டிய பயம் பள்ளி வாசலைத் தாண்டுவதில்லை. மாலையில் நண்பர்கள் இருவர் வண்டியை நிறுத்தி, "ஏறிக்கொள், இடம் இருக்கிறது" என்று மூன்றாவது ஆளாகக் கூப்பிடும்போது, காலையில் பார்த்த ரத்தம் நினைவுக்கு வந்தாலும் வாயில் பதில் வராது. நண்பர்களின் கண் தன்மேல் இருப்பதை அந்த வயதுப் பிள்ளையால் எளிதில் உதற முடியாது. அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றை வைத்து இதைச் சோதித்து, 2005இல் வெளியிட்டார்கள். தனியாக ஆடியபோது காட்டியதைவிட, நண்பர்கள் உடன் இருந்தபோது பதின்வயதினர் அதிகத் துணிச்சல் காட்டினார்கள். மூத்தவர்களிடம் அந்த வேறுபாடு குறைவாகவே இருந்தது.

ஆகவே ஒத்திகை பார்க்க வேண்டியது அந்த மாலை நேரத்தைத்தான். இரண்டு நாற்காலிகளை முன்னும் பின்னுமாகப் போட்டு இருவரை உட்கார வையுங்கள். மூன்றாமவனை ஏறச் சொல்லி அவர்கள் வற்புறுத்தட்டும், அவன் மறுக்கட்டும். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். மறுக்க வேண்டியவன் சொல் கிடைக்காமல் நெளிவான். கொஞ்ச நேரத்தில் அவர்களிடமிருந்தே பதில்கள் வரும்: "அப்பா வருகிறார், நீங்கள் போங்கள்." "எனக்கு நூலகத்தில் வேலை இருக்கிறது, பஸ்ஸில் வந்துவிடுகிறேன்." நட்பு முறியாமல் விலகிக்கொள்ள ஒரு வாக்கியம் தயாராக இருந்தால் போதும். "பொய் சொல்லப் பழக்குகிறீர்களே" என்று ஒரு தலைமையாசிரியர் வருத்தப்பட்டார். எனக்கு அந்த வருத்தம் இல்லை.

வேகத்தை வாயால் விளக்குவது

மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். கபடிக்குக் கோடு போடும் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு, அளவு நாடாவைப் பிடித்து 17 மீட்டர் தள்ளி இன்னொரு கோடு. குறுக்கே வந்த நாயைக் கண்டு, விரல் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே இவ்வளவு தூரம் போய்விடும் என்று சொல்லி, நடந்து பார்க்கச் சொல்லுங்கள். பிடித்த பிறகு நிற்பதற்கு, உலர்ந்த சாலையிலும் ஏறத்தாழ அதே தூரமாவது வேண்டும். 40இலிருந்து 60க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான், மோதும் ஆற்றலோ இரண்டே கால் மடங்கு. இயற்பியல் ஆசிரியரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். சூத்திரத்தை அவர் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் மறுக்க மாட்டார்கள்.

"முன் பிரேக்கைத் தொடாதே" என்பது

நம் வீடுகளில் வழிவழியாக வரும் தவறான பாடம் இது. பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. வண்டியை நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. பதற்றத்தில் பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் பின்சக்கரம் சுழலாமல் இழுபட்டுப் பக்கவாட்டில் சறுக்கும். இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக இறுக்கப் பழக வேண்டும். வண்டி சாய்ந்திருக்கும் வளைவிலும் மணலிலும் வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. இந்தப் பயிற்சி 18 வயது நிறைந்து, பழகுநர் உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும்.

பெற்றோரை அழைக்காமல் விடுவது

விடிகாலை டியூஷனுக்குச் சாவியை எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவைப் படித்துக் காட்டுங்கள். 18 வயது நிறையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. சிறை என்றபோது அசையாதவர்கள்கூட இந்த 25 வயதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். "16 வயதில் கியர் இல்லாத வண்டி ஓட்டலாமே" என்று ஒருவராவது கேட்பார். அந்தச் சலுகை 50 சிசிக்கு மேற்படாத எஞ்சினுக்குத்தான். வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டர் பெரும்பாலும் 110 அல்லது 125 சிசி.

மாணவிகளை ஓரமாக உட்கார வைப்பது

அவர்களும் ஓட்டுகிறார்கள். பின் இருக்கையில் இருப்பவரின் துப்பட்டா சக்கரத்தில் சிக்குவதைப் பற்றியும் பேசுங்கள்.

ஹெல்மெட்டோடு முடித்துக்கொள்வது

பட்டையை மாட்டாத ஹெல்மெட் விழும்போது தலையில் இருக்காது. அதைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

விழிப்புணர்வு வாசகம் எழுதும் போட்டி

வேண்டாம்.

விபத்தைக் கண்டால் என்ன செய்வது என்று சொல்லாமல் விடுவது

காவல்துறை அலைக்கழிக்கும் என்ற அச்சம் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு உதவுபவர்களுக்கு அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது என்று சொல்லுங்கள். முதலில் 108க்கு அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருப்பது தெரிந்தால், பணத்துக்கு என்ன செய்வது என்று யாரும் தயங்கி நிற்க மாட்டார்கள். அடிபட்டவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஹெல்மெட்டை வெடுக்கென்று இழுத்துக் கழற்றக் கூடாது என்ற இரண்டையும் அதே வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.